அதிபரின் ஒரு கையெழுத்து எவ்வளவு தூரம் போகும்? – கேள்வி பதில்

அமெரிக்க அதிபர்கள் போடும் நிர்வாக உத்தரவுகளைப் பற்றி, குறிப்பாக முற்போக்குக் காரியங்களுக்கு அவை எவ்வளவு உதவும் என்பதைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். விசா கேள்விகள் வேண்டாம் என்றும் சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி விசா கேள்விதான். மீதியிலிருந்து எடுத்துக்கொண்டவை கீழே.

மதுரை: இது நம்மூர் அவசரச் சட்டம் மாதிரிதானே சார்?

இல்லை. நம்மூர் அவசரச் சட்டம் உண்மையிலேயே சட்டம்தான். 123-ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவர் பிறப்பிக்கிறார். நாடாளுமன்றம் மறுபடி கூடி ஆறு வாரத்துக்குள் ஏற்காவிட்டால் காலாவதியாகிவிடும். அமெரிக்க அதிபருக்கு அப்படிச் சட்டம் போடும் அதிகாரமே கிடையாது. நிர்வாக உத்தரவுக்கு நம்மிடம் நெருங்கிய சொந்தம் ஜி.ஓ.தான். கோட்டையிலிருந்து துறைக்குப் போகிறதே, அந்த அரசாணை. அதிபர் தன் கீழே இருக்கும் அதிகாரிகளுக்குச் சொல்வது அது. உங்களுக்கும் எனக்கும் சொல்வதல்ல.

ஒரு உத்தரவைக் கையில் எடுத்தால் முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் படியுங்கள். முதல் பத்தியில், அரசியலமைப்பும் நாட்டின் சட்டங்களும் எனக்குத் தந்த அதிகாரத்தின்படி என்று ஆரம்பித்து, எந்தச் சட்டம் என்று பெயர் சொல்லியிருப்பார்கள். சொல்லாமலும் விட்டிருப்பார்கள், அப்போதுதான் சந்தேகப்பட வேண்டும். கடைசிப் பத்தியில், நடப்பிலுள்ள சட்டத்துக்கு உட்பட்டும் நிதி ஒதுக்கீடு இருக்கும் அளவுக்கும் இதைச் செய்யவும் என்று இருக்கும். இதைக் காட்டி யாரும் அரசின் மேல் வழக்குப் போட்டு உரிமை கோர முடியாது என்றும் இருக்கும். நடுவில் இருப்பதைத்தான் டிவியில் வாசிப்பார்கள்.

சிகாகோ: முற்போக்குத் தரப்புக்கு இதனால் உருப்படியாக நடந்தது ஏதாவது உண்டா?

உண்டு. 1941-இல் ஆயுதத் தொழிற்சாலைகளில் வேலை குவிந்து கிடந்தது, கறுப்பினத்தவருக்கு மட்டும் கதவு சாத்தியிருந்தது. ரயில்வே தூங்கும் பெட்டி ஊழியர்களின் சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப், ஜூலை 1-ஆம் தேதி வாஷிங்டனில் ஒரு லட்சம் பேரைத் திரட்டப் போவதாக அப்போதைய அதிபர் ரூஸ்வெல்ட்டுக்குச் சொல்லி அனுப்பினார். ரூஸ்வெல்ட் கெஞ்சிப் பார்த்தார், ராண்டால்ஃப் அசையவில்லை. ஜூன் 25-இல் 8802-ஆம் எண் உத்தரவு வந்தது: பாதுகாப்புத் தொழிலில் இனப் பாகுபாடு கூடாது. பேரணி நின்றது. ஆனால் அதைக் கண்காணிக்க அமைத்த குழுவுக்குப் பல் இல்லை. காங்கிரஸ் (அவர்களுடைய நாடாளுமன்றம், நம்மூர்க் கட்சி அல்ல) காசை நிறுத்தியதும் 1946-இல் குழுவும் போய்விட்டது.

அடுத்தது 1948 ஜூலை 26, ட்ரூமனின் 9981. ராணுவத்தில் இனப் பிரிவினையை ஒழித்த உத்தரவு என்று எல்லாரும் சொல்வார்கள். எடுத்துப் படித்துப் பாருங்கள், பிரிவினை என்ற சொல்லே அதில் கிடையாது. படையில் எல்லாருக்கும் சம நடத்தை, சம வாய்ப்பு என்று இருக்கும். திறமையும் மன உறுதியும் கெடாமல், அதற்கான அவகாசத்தோடு, ஆனால் கூடிய சீக்கிரம் என்று இருக்கும். ஏழு பேர் கொண்ட குழு ஒன்றும் இருக்கும். தளபதிகள் அந்த அவகாசத்தைப் பிடித்துக்கொண்டு இழுத்தடித்தார்கள். கொரியப் போரில் ஆள் பற்றாக்குறை வந்தபோதுதான் படைப்பிரிவுகள் வேகமாகக் கலந்தன. ஆனாலும் அந்த உத்தரவு நிலைத்துவிட்டது, பின்னால் வந்த எந்த அதிபரும் திருப்பவில்லை. ராணுவமே அதற்குப் பழகிவிட்டது.

மூன்றாவது, 1965-இல் ஜான்சன் போட்ட 11246. அரசிடம் கான்ட்ராக்ட் எடுக்கும் கம்பெனிகள் பாகுபாடு காட்டக் கூடாது, வாய்ப்பு மறுக்கப்பட்டவர்களைத் தேடிச் சேர்க்கவும் வேண்டும். 1967-இல் பெண்களையும் இதில் சேர்த்தார்கள். அதைக் கட்டட வேலைகளில் கறாராக அமல்படுத்தியது குடியரசுக் கட்சியின் நிக்சன் என்பது பலருக்குத் தெரியாது. ஏறக்குறைய அறுபது ஆண்டு ஓடியது. 2025 ஜனவரி 21-இல் டிரம்ப் ஒரே கையெழுத்தில் ரத்து செய்தார்.

நியூ ஜெர்சி: ஏன் எப்போதும் கான்ட்ராக்டர்களையே பிடிக்கிறார்கள்?

நல்ல கேள்வி. வீடு கட்டுகிறவர் மேஸ்திரியிடம், என் வீட்டில் வேலை பார்க்கும் சித்தாளுக்கு இவ்வளவு கூலி கொடு என்று சொல்லலாம். ஊரில் உள்ள எல்லா மேஸ்திரிக்கும் சொல்ல முடியாது. அதிபரும் அப்படித்தான். நாடு முழுமைக்கும் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர் என்பது சட்டம், 2009-இலிருந்து அப்படியே இருக்கிறது. அதைத் தொட அவருக்கு அதிகாரமில்லை. அதனால் ஒபாமா 2014-இல் கான்ட்ராக்ட் வேலைகளுக்கு மட்டும் 10.10 என்றார். பைடன் 15 என்றார். 2025 மார்ச்சில் டிரம்ப் பைடனுடையதை எடுத்துவிட்டார்.

ஹூஸ்டன்: எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் என்ற நிர்வாக உத்தரவு...

அது நிர்வாக உத்தரவு அல்ல, பிரகடனம். மற்றதற்கு வக்கீலைப் பாருங்கள்.

சிங்கப்பூர்: பைடன் மாணவர் கடனை நிர்வாக உத்தரவில் தள்ளுபடி செய்தாரே, ஏன் நிற்கவில்லை?

அதுவும் நிர்வாக உத்தரவு அல்ல. கல்வித் துறை, 2003-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ் எடுத்த நடவடிக்கை. நெருக்கடிக் காலத்தில் கடன் விதிகளை விலக்கலாம், மாற்றலாம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அந்த இரண்டு சொற்களை நம்பி ஆளுக்கு 10,000, சிலருக்கு 20,000 டாலர் என்று ஏறக்குறைய 43,000 கோடி டாலரைத் தள்ளப் பார்த்தார்கள். மாற்றுவது என்றால் கொஞ்சம் திருத்துவது, புதிதாக எழுதுவதல்ல என்று 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-3 எனச் சொல்லிவிட்டது. சட்டத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, அந்தச் சட்டம் அவ்வளவு பாரம் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும்.

டொராண்டோ: சிறுவயதில் வந்தவர்களை நாடு கடத்தாமல் வைத்த ஒபாமாவின் நிர்வாக உத்தரவு?

மூன்றாவது தடவை சொல்கிறேன்: அதுவும் அல்ல. 2012 ஜூன் 15-இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைச் செயலர் எழுதிய சுற்றறிக்கை. பத்திரிகைகள் எல்லாவற்றையும் ஒரே பெயரில் எழுதுகின்றன. நிர்வாக உத்தரவு என்ற வரிசையில் அதற்கு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

சென்னை: ரூஸ்வெல்ட்டைப் புகழ்கிறீர்கள். ஜப்பானிய வம்சாவளியினரை முகாமில் அடைத்தது யார்?

அதே ரூஸ்வெல்ட். 8802 போட்டு எட்டே மாதத்தில், 1942 பிப்ரவரி 19-இல், 9066. ஏறக்குறைய 1,20,000 பேர், அதில் மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்கக் குடிமக்கள். அந்த உத்தரவிலும் ஜப்பான் என்ற சொல் கிடையாது. ராணுவப் பகுதி என்று அறிவித்த இடத்திலிருந்து யாரையும் விலக்கலாம் என்று மட்டும் இருக்கும்.

நியூ ஜெர்சி: போர்க்காலத்தில் போட்டதை இதோடு ஒப்பிடுவது அநியாயம். நோக்கமே வேறு.

நோக்கம் வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 8802-உம் பாதுகாப்பு உற்பத்தியைக் காரணம் காட்டித்தான் வந்தது. லிங்கனின் 1863 விடுதலைப் பிரகடனமும் தலைமைத் தளபதி என்ற அதிகாரத்தில்தான் வந்தது. அந்த அதிகாரம் போரில் எதிரியின் மேல்தான் செல்லும் என்பதால்தான் கென்டக்கி, மேரிலாந்து போல ஒன்றியத்தோடு நின்ற மாநிலங்களின் அடிமைகளை அது தொடவில்லை.

சென்னை மறுபடியும்: அப்படியானால் முற்போக்காளர்கள் இந்தப் பேனாவைத் தொடவே கூடாதா?

நான் அப்படிச் சொல்லவில்லை. தான் முதலாளியாக இருக்கும் இடத்தில், தான் வாடிக்கையாளராக இருக்கும் இடத்தில் தாராளமாகத் தொடட்டும். கையெழுத்துப் போட்ட மறுநாளே சட்டத்துக்கும் ஓட வேண்டும் என்கிறேன். லிங்கன் தன் பிரகடனத்தை நம்பிச் சும்மா இருக்கவில்லை, போர் முடிந்தால் நீதிமன்றம் என்ன சொல்லுமோ என்ற பயம் இருந்தது. அடிமை முறையை ஒழிக்கும் 13-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்காக ஒவ்வொரு ஓட்டாகச் சேர்த்து, 1865 ஜனவரி 31-இல் கீழ்ச்சபையில் நிறைவேற வைத்தார். ஜான்சனும் முதலில் பாகுபாட்டைத் தடை செய்யும் 1964 குடிமை உரிமைகள் சட்டத்தை வாங்கிக்கொண்டுதான் 11246-இல் கையெழுத்திட்டார். உத்தரவு போன பிறகும் அந்தச் சட்டம் இருக்கிறது.

நியூ ஜெர்சி: ஆனால் காங்கிரஸ் எதையுமே நிறைவேற்றாதபோது அதிபர் என்ன செய்வார்? காத்திருக்க ஏழைகளால் முடியுமா?

உங்கள் கோபம் புரிகிறது, எனக்கும் பதில் முழுதாக இல்லை. 1952-இல் ட்ரூமன், காங்கிரஸ் தந்த அதிகாரம் இல்லாமலே, வேலைநிறுத்தத்தைத் தடுக்க எஃகு ஆலைகளைக் கையகப்படுத்தினார். கூலி உயர்வு தர மறுத்தவர்கள் முதலாளிகள், தொழிலாளர் பக்கம் நியாயம் இருந்தது. இரண்டே மாதத்தில் உச்ச நீதிமன்றம் 6-3 என்று திருப்பிக் கொடுக்க வைத்தது. அந்தத் தீர்ப்பைத்தான் இன்று டிரம்பின் உத்தரவுகளுக்கு எதிராக முற்போக்கு வக்கீல்கள் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அன்றைக்கு ட்ரூமன் ஜெயித்திருந்தால் இன்றைக்கு அவர்கள் கையில் என்ன இருக்கும்? சரி, இதை இத்தோடு விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

யாழ்ப்பாணம்: எங்கள் ஜனாதிபதியின் வர்த்தமானி (அரசிதழ்) அறிவிப்பு போன்றதா?

அதிகாரத்தில் உங்கள் ஜனாதிபதி பெரியவர். இன்னொரு நாள் விரிவாகப் பேசுவோம்.

ஈரோடு: உத்தரவு போட்டும் நடக்காமலே போனது உண்டா?

குவாண்டனாமோ, கியூபாவில் அமெரிக்க ராணுவம் வைத்திருக்கும் சிறை. ஒபாமா பதவியேற்ற மூன்றாம் நாள், 2009 ஜனவரி 22, ஒரு வருடத்துக்குள் அந்தச் சிறையை மூடச் சொல்லி 13492-இல் கையெழுத்திட்டார். கைதிகளை அமெரிக்க மண்ணுக்குக் கொண்டுவரக் காசு கிடையாது என்று காங்கிரஸ் சொல்லிவிட்டது. எட்டு ஆண்டு ஆட்சி முடிந்து அவர் வீட்டுக்குப் போனபோதும் சிறை திறந்தே இருந்தது. கடைசிப் பத்தியைப் படியுங்கள் என்று சொன்னேனே, நிதி ஒதுக்கீடு இருக்கும் அளவுக்கு என்று, அது இதுதான்.

டல்லாஸ்: எச்-4 (எச்-1பி வைத்திருப்பவரின் குடும்பத்துக்கான விசா) வைத்திருக்கும் மனைவி வேலைக்குப் போவதை ஒரு நிர்வாக உத்தரவால்...

அது 2015-இல் வந்த துறை விதி. ஹூஸ்டன்காரருக்குச் சொன்னதேதான் உங்களுக்கும்.