200 உணவுகளுக்குப் பார்க்கும் 'ஒத்துக்கொள்ளாமை' ரத்த டெஸ்ட் நம்பகமானதா? மகளுக்கு எடுக்கலாமா?

எடுக்க வேண்டாம்.

மகளுக்குச் சாப்பிட்டதும் வயிறு உப்புகிறது, சில நாள் வயிற்றுப்போக்கும் ஆகிறது. ஒரு லேப்பிலிருந்து வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்து 200 உணவுகளுக்கு ரிப்போர்ட் தருவதாகச் சொல்கிறார்கள், பல ஆயிரம் ஆகும் என்கிறீர்கள். வெறுமனே 'வேண்டாம்' என்று சொல்லி நிறுத்தினால், அடுத்த மாதம் இதே சரக்கை இன்னொருவர் வேறு பெயரில் விற்பார். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த டெஸ்ட் ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளை அளக்கிறது. எதிர்ப்பொருள் என்பது, வெளியிலிருந்து வரும் பொருளை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ள உடம்பு உருவாக்கும் ஒரு புரதம். சில லேப்கள் அதன் ஒரு வகையான ஐஜிஜி4-ஐ மட்டும் அளக்கும். சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டு. ஒவ்வொரு குழியிலும் ஒரு உணவின் புரதம் பூசியிருக்கும். ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீரை (சீரம்) ஊற்றி, அதில் எவ்வளவு எதிர்ப்பொருள் ஒட்டுகிறது என்று நிறத்தின் அடர்த்தியை வைத்துக் கணக்கிடுவார்கள். அளவு கூடினால் சிவப்பு, நடுவில் மஞ்சள், குறைந்தால் பச்சை. சிவப்பு ஒத்துக்கொள்ளாது, நிறுத்துங்கள், பச்சை சாப்பிடலாம் என்பார்கள். லேப்காரர்கள் தப்பாக அளக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. மெஷின் சரியாகவே அளக்கலாம். கோளாறு, அந்த எண்ணுக்கு அவர்கள் சொல்லும் அர்த்தத்தில் இருக்கிறது.

ஒரு உணவை அடிக்கடி சாப்பிட்டால் அதற்கு ஐஜிஜி உருவாவது சாதாரண விஷயம். உடம்புக்கு அந்த உணவோடு பழக்கம் உண்டு என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்வதில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு பால், கோதுமை, முட்டை சிவப்பில் வருவதும், வாழ்நாளில் தொட்டே பார்க்காத சிப்பி பச்சையில் வருவதும் இதனால்தான். வேர்க்கடலை அலர்ஜி உள்ள குழந்தைக்கு மருத்துவமனையில் துளித்துளியாக வேர்க்கடலை கொடுத்துப் பழக்கும் சிகிச்சை ஒன்று இருக்கிறது. அதில் குழந்தைக்கு அது ஒத்துக்கொள்ளத் தொடங்கும்போது ஐஜிஜி4 ஏறும். ரிப்போர்ட் சொல்வதற்கு நேர் எதிர். ஐரோப்பிய அலர்ஜி அகாடமி 2008-லும், கனடாவின் அலர்ஜி மருத்துவர் சங்கம் 2012-லும் இதை நோய் கண்டறியப் பயன்படுத்த வேண்டாம் என்று எழுதியே வைத்துவிட்டன. முடியை அனுப்பிப் பார்ப்பது, கையில் மின்முனை பிடித்துப் பார்ப்பது எல்லாம் இதைவிடவும் மோசம். அவற்றைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

நாம் 'ஒத்துக்கல' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவதில் குறைந்தது மூன்று வேறு சங்கதிகள் இருக்கின்றன. சாப்பிட்ட சில நிமிடத்தில், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள், உதடு வீங்குவது, தடிப்பு, மூச்சுத்திணறல் என்றால் அது அலர்ஜி. அதற்கு ஐஜிஇ என்ற வேறு வகை எதிர்ப்பொருளைப் பார்க்கும் ரத்த டெஸ்ட், தோலில் குத்திப் பார்க்கும் டெஸ்ட். அதிலும் பாசிட்டிவ் என்றவுடன் அலர்ஜி என்று முடிவு கட்ட முடியாது. நடந்ததோடு பொருந்த வேண்டும். இரண்டாவது, கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் பழுதாகும் சீலியாக் நோய். மூன்றாவது, செரிக்காத சர்க்கரைகள். உங்கள் மகளுக்கு இருப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவதாக இருக்க வாய்ப்பு அதிகம். பாலில் உள்ள லாக்டோஸ் ஒரு சர்க்கரை. அந்த 200 உணவு டெஸ்ட் பார்ப்பதோ புரதத்துக்கான எதிர்ப்பொருளை. ரிப்போர்ட்டில் பால் சிவப்பாக இருந்தாலும் பச்சையாக இருந்தாலும் லாக்டோஸ் செரிக்கிறதா என்பதற்கு அதில் பதிலே கிடையாது.

லாக்டோஸுக்கு உரிய டெஸ்ட் மூச்சு டெஸ்ட். குடல் மருத்துவர்கள் இருக்கும் பெரிய மருத்துவமனைகளில் செய்கிறார்கள். வெறும் வயிற்றில் 25 கிராம் லாக்டோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள். சில இடங்களில் 50 கிராம். 25 கிராம் என்பது ஏறத்தாழ அரை லிட்டர் பாலில் இருக்கும் அளவு. பிறகு அரை மணிக்கு ஒரு தரம் மூன்று மணி நேரம் ஊதச் சொல்வார்கள். செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போனால் அங்குள்ள பாக்டீரியா அதை நொதிக்க வைத்து ஹைட்ரஜன் உண்டாக்கும். அது ரத்தம் வழியாக மூச்சில் வரும். ஆரம்ப அளவைவிட 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) ஏறினால் பாசிட்டிவ்.

இந்த டெஸ்ட் கெட்டுப்போவது பெரும்பாலும் முந்தின நாளில்தான். இரவுக்கு வெறும் வெள்ளைச் சோறும் முட்டையோ மீனோ போதும். அரிசி அநேகமாக முழுசாகச் செரித்துவிடும். சாம்பார், பயறு, வெங்காயம், பழம், பால், சப்பாத்தி எதுவும் கூடாது. சாப்பிட்டால் காலையில் ஆரம்ப அளவே எகிறி நிற்கும். 12 மணி நேரம் பட்டினி. நான்கு வாரத்துக்குள் ஆன்டிபயாடிக் எடுத்திருந்தால் தள்ளிப்போடுங்கள், பாக்டீரியா செத்திருந்தால் வாயு எங்கிருந்து வரும்? ஊதும் நேரத்தில் தூங்கவோ வேகமாக நடக்கவோ கூடாது. சிலர் வயிற்றில் ஹைட்ரஜனுக்குப் பதில் மீத்தேன்தான் உண்டாகும். அதையும் சேர்த்து அளக்கிற மெஷினா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பாசிட்டிவ் வந்தாலும் பாலை அடியோடு நிறுத்த அவசியமில்லை. பெரும்பாலானவர்கள் ஒரு வேளைக்கு 12 கிராம் வரை, அதாவது ஒரு பெரிய தம்ளர் பால் வரை, பெரிய தொந்தரவு இல்லாமல் தாங்குவார்கள். காப்பியில் ஊற்றும் 100 மில்லி பாலில் 5 கிராம்தான் இருக்கும். தயிரில் பாக்டீரியா கொஞ்சம் தின்று தீர்த்திருக்கும், அதனால் மோர் பெரும்பாலும் பிரச்சினை பண்ணாது.

மூச்சு டெஸ்ட் கிடைக்காத ஊரா? வீட்டிலேயே செய்யலாம், ஆனால் மகளுக்குத் தெரியாமல் செய்ய வேண்டும். இரண்டு வாரம் பாலை நிறுத்துங்கள். பிறகு ஒரு நாள் 250 மில்லி சாதாப் பால், ஒரு நாள் விட்டு லாக்டோஸ் நீக்கிய பால் என்று மாற்றி மாற்றி, ஒவ்வொன்றும் மூன்று தரம், காலையில் வெறும் வயிற்றில் கொடுங்கள். எந்த நாள் எது என்பது ஊற்றுகிறவருக்கு மட்டும் தெரியட்டும். அவர் தனியாக எழுதி வைக்கட்டும். லாக்டோஸ் நீக்கிய பால் கொஞ்சம் தித்திக்கும், கண்டுபிடித்துவிடுவாள். இரண்டிலும் ஏலக்காயும் சர்க்கரையும் தாராளமாகப் போடுங்கள். ஆறு மணி நேரம் வயிறு எப்படி இருந்தது என்று அவள் எழுதி முடித்த பிறகு ஒப்பிடுங்கள். அலர்ஜி சந்தேகம் இருந்தால் இதைத் தொடவே கூடாது.

சீலியாக்குக்கு டிடிஜி ஐஜிஏ என்ற ரத்த டெஸ்ட், கூடவே மொத்த ஐஜிஏ. ஐஜிஏவும் ஒரு வகை எதிர்ப்பொருள்தான். சிலருக்கு ஐஜிஏவே குறைவாக இருக்கும், அப்போது முதல் டெஸ்ட் பொய்யாக நெகட்டிவ் காட்டும். முக்கியமாக, டெஸ்ட்டுக்கு முன் கோதுமையை நிறுத்தாதீர்கள். குறைந்தது ஆறு வாரம் தினமும் சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். யூடியூப் பார்த்து மூன்று மாதம் சப்பாத்தியை நிறுத்திவிட்டு டெஸ்ட்டுக்குப் போனால் நோய் இருந்தாலும் நெகட்டிவ் வரலாம், அதற்கு மதிப்பில்லை. 2016-ல் வெளியான ஆய்வில் சீலியாக் வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவருக்கு மேலும், தெற்கில் ஆயிரத்துக்கு ஒருவர் அளவிலும் இருந்தது. நமக்கு அபூர்வம், ஆனால் இல்லாமல் இல்லை. உறுதியானால் பெருங்காய டப்பாவையும் திருப்பிப் பாருங்கள், கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ இருக்கும். ஓட்டலில் இதை யாரிடம் போய்க் கேட்பது? பாக்கெட்டில் கோதுமை, பால், கடலை என்று எழுத வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இலையில் பரிமாறுகிறவருக்கு எந்தச் சட்டமும் தெரியாது.

பால் இல்லை, சீலியாக் இல்லை என்றால் அடுத்து நான் சந்தேகப்படுவது வெங்காயம், பூண்டு, கோதுமை. மூன்றிலும் ஃப்ரக்டன் என்ற செரிக்காத மாவுப்பொருள் உண்டு. நார்வேயில் 59 பேரை வைத்துச் செய்த ஒரு ஆய்வு 2018-ல் வந்தது. கோதுமை ஒத்துக்கவில்லை என்று சொன்னவர்களுக்கு எது என்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்ததில், குளூட்டனைவிட ஃப்ரக்டன்தான் அதிகம் தொந்தரவு செய்தது. இது தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. சாம்பாரில் சின்ன வெங்காயத்தைப் பொறுக்கி ஒதுக்கிவிட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டால் பயனில்லை, குழம்பிலேயே இறங்கியிருக்கும். எண்ணெயில் பூண்டை வதக்கி, தண்ணீர் சேர்க்கும் முன் எடுத்துவிட்டால் வாசனை மட்டும் தங்கும். நான்கு வாரம் நிறுத்தி, குறைந்தால் ஒவ்வொன்றாக, மூன்று நாள் அளவைக் கூட்டிக்கூட்டித் திரும்பச் சேர்க்க வேண்டும். பலர் நிறுத்துவதோடு விட்டுவிடுகிறார்கள். அது டெஸ்ட்டில் பாதிதான்.

'நான் அந்த டெஸ்ட் எடுத்து, சிவப்பை எல்லாம் நிறுத்தி, குணமானேனே' என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: குணமானது பொய் என்று சொல்லவில்லை. பாலும் மைதாவும் பேக்கரியும் ஒரே நாளில் நின்றால் பலருக்கு வயிறு லேசாகத்தான் ஆகும். முப்பது உணவை நிறுத்தியதில் எந்த ஒன்று வேலை செய்தது என்பது உங்களுக்கும் தெரியாது, ரிப்போர்ட்டுக்கும் தெரியாது. வளர்கிற பிள்ளைக்கு மீதி இருபத்தொன்பதையும் எதற்காக நிறுத்தி வைப்பது?

எடை குறைவது, மலத்தில் ரத்தம், ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, விடாத காய்ச்சல், இதில் ஒன்று இருந்தாலும் மேலே சொன்ன வீட்டு வேலை எதுவும் வேண்டாம், நேராகக் குடல் மருத்துவரிடம் போங்கள்.

ஒருவேளை பணம் கட்டி ரிப்போர்ட்டும் கையில் வந்துவிட்டதென்றால், சிவப்பைவிட பச்சையில்தான் எனக்குப் பயம். எப்போதாவது வேர்க்கடலையோ இறாலோ சாப்பிட்டு அவளுக்கு உதடு வீங்கியிருந்தால், ஐஜிஜியில் பச்சை என்பதை நம்பி அதைத் திரும்பக் கொடுத்துவிடாதீர்கள். அந்த அலர்ஜியை உண்டாக்கும் ஐஜிஇ-ஐ அந்த டெஸ்ட் பார்க்கவே இல்லை.