இரண்டு பக்கமும் ரோடு இருக்கிற மனையில் ஜிம்: கேள்விகளும் பதில்களும்

கோவையில் 12 சென்ட் கார்னர் மனை ஒன்றில் உடற்பயிற்சிக் கூடம் கட்டிக்கொண்டிருக்கிறோம். மேற்கே மெயின் ரோடு, தெற்கே சின்ன ரோடு. தரைத்தளமும் மேலே இரண்டு மாடியும். வரைபடம் என்னுடையது. அதைப் பகிர்ந்த நாளிலிருந்து இதே மாதிரி மனை வைத்திருப்பவர்கள், ஜிம் நடத்துகிறவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று பலர் கேட்டுவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன்.

திருப்பூரிலிருந்து, மனை வைத்திருப்பவர்: சார், கார்னர் மனை கிடைப்பதே அபூர்வம். இரண்டு ரோட்டுப் பக்கமும் கீழிருந்து மேல்வரை கண்ணாடி போட்டால்தானே விளம்பரம்? நீங்கள் மேற்குப் பக்கம் செங்கல் ஜாலி (இடையிடையே ஓட்டை விட்டுக் கட்டுகிற சுவர்) போட்டு மூடிவிட்டீர்களே?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கார்னர் மனையில் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு முகப்பு மட்டுமில்லை. பக்கத்துக் கட்டடம் வந்து அடைக்க முடியாத இரண்டு பக்கம் கிடைக்கிறது, அதாவது நிரந்தரமான காற்றும் வெளிச்சமும். வேர்வை சிந்துகிற இடத்துக்கு அதைவிடப் பெரிய சொத்து வேறு இல்லை. அதைத் திறக்காத கண்ணாடியால் அடைத்துவிட்டு உள்ளே ஏசி போட்டுப் போராடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கோவையில் ஒரு சிக்கல் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற நல்ல காற்று மேற்கிலிருந்துதான் வீசும், மாலை வெயிலும் அதே மேற்கிலிருந்துதான் அடிக்கும். ஜிம்முக்குக் கூட்டம் வருவதோ மாலையில். காற்று வேண்டும், வெயில் வேண்டாம் என்றால் ஜாலிதான் வழி. மேற்குச் சுவரை ஒட்டிப் படிக்கட்டு, நடை, ஷூ வைக்கிற இடம் எல்லாவற்றையும் வைத்து, அதற்கு வெளிப்பக்கம் ஜாலி கட்டியிருக்கிறோம். வெயில் ஜாலியில் பட்டு நடையோடு நின்றுவிடும், காற்று உள்ளே வந்து கிழக்குச் சுவரின் மேல் ஜன்னல்கள் வழியாக வெளியேறும். ராத்திரி உள்ளே விளக்கு போட்டால் ஜாலி முழுவதும் ஒளிரும், மெயின் ரோட்டில் போகிறவர் கண்ணில் படாமல் போகாது. விளம்பரத்துக்கு அது போதும்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: அப்போ தெற்கே மட்டும் எப்படிக் கண்ணாடி போட்டீர்கள்? தெற்கு வெயிலும் வெயில்தானே?

நம் ஊர் பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே 11 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே இல்லை, கொஞ்சம் வடக்கே தள்ளி இருக்கும். அதாவது கொளுத்துகிற மே மாதத்தில் தெற்குச் சுவரில் நேர் வெயிலே படாது. டிசம்பர், ஜனவரியில் படும், ஆனால் அப்போதும் சூரியன் உயரமாக இருப்பதால் 3 அடி சன்ஷேடு பெரும்பகுதியைத் தடுத்துவிடும். மேற்கில் சன்ஷேடு எவ்வளவு நீட்டினாலும் பயனில்லை, சூரியன் இறங்கி நேராகக் கண்ணுக்குள் வரும். மேற்கு ஜன்னலுக்கு வெளியே வெயிலை மறைக்கச் செங்குத்துப் பட்டைகள் போடுகிறவர்கள் அவற்றை வடமேற்குப் பக்கமாக வெயிலை மறைக்கிற கோணத்தில் திருப்பிப் போடுங்கள், ஏனென்றால் கோடையில் சூரியன் மறைவது நேர் மேற்கில் இல்லை. சுவருக்கு நேர் செங்குத்தாக நிற்கிற பட்டை அழகுக்கு மட்டும்தான்.

ஈரோட்டிலிருந்து, ஜிம் தொடங்கப்போகிறவர்: அண்ணா, வீடாக இருந்த கட்டடத்தின் முதல் மாடியை வாடகைக்கு எடுக்கிறேன். கார்னர் இடம். மேஸ்திரி "ஸ்லாப் ஸ்ட்ராங்கா இருக்கு, பயப்படாதீங்க" என்கிறார். ஜிம் வைக்கலாமா?

மேஸ்திரி சொல்லை மட்டும் நம்பி வைக்காதீர்கள் தம்பி. நம் நாட்டுத் தரவிதியான ஐஎஸ் 875 இரண்டாம் பகுதி, வீட்டு அறைக்குச் சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ பாரம் என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. ஜிம்முக்கு 500 கிலோ. இரண்டரை மடங்கு. டம்பெல் ரேக்கைச் சுவரோரம் வைத்து, அதன் முன்னால் நாலு பேர் நின்று எடையைக் கீழே போடுகிற இடத்தில் அந்த வித்தியாசம் வெறும் காகிதக் கணக்கு இல்லை. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழைத்து, கம்பி எவ்வளவு ஓடியிருக்கிறது, கான்கிரீட்டின் வலிமை என்ன என்று சோதித்து எழுத்தில் வாங்குங்கள்.

பாரம் ஒன்று, அதிர்வு இன்னொன்று. 2011 ஜூலையில் தென்கொரியத் தலைநகர் சியோலில் டெக்னோமார்ட் என்ற 39 மாடிக் கட்டடம் 10 நிமிடம் ஆடியது, உள்ளே இருந்தவர்களை வெளியேற்றினார்கள். நிலநடுக்கம் எதுவும் இல்லை. 12ஆம் மாடி ஜிம்மில் 17 பேர் இசைக்கு ஏற்ப ஒன்றாகக் குதித்ததும், அந்தத் தாளம் கட்டடத்தின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போனதும்தான் காரணம் என்று ஆய்வில் சொன்னார்கள். 17 பேரின் எடை அந்தக் கட்டடத்துக்கு ஒன்றுமே இல்லை, தாளம்தான் ஆட்டியது. அதனால்தான் எங்கள் வரைபடத்தில் ஜும்பா வகுப்பும் பார்பெல் பகுதியும் தரைத்தளத்தில். முதல் மாடியில் டிரெட்மில், மெஷின்கள். இரண்டாம் மாடியில் யோகா. தரைத்தளத்திலும் தரை கான்கிரீட்டைத் தூண்களோடு ஒட்டாமல் இடைவெளி விட்டு ஊற்றியிருக்கிறோம், போடுகிற சத்தம் தூண் வழியாக மேலே ஏறக்கூடாது என்பதற்காக.

ஒரு பக்கத்து வீட்டுக்காரர், சேலம்: எங்கள் தெரு முனையில் ஜிம் வந்திருக்கிறது. காலை 5 மணிக்கே தடார் தடார் என்று சத்தம். சட்டத்தில் ஏதாவது உண்டா?

உண்டு. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் பகல் என்பது காலை 6 முதல் இரவு 10 வரை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. காலை 5 மணி என்பது விதிப்படி இரவு. ஜிம் நடத்துகிறவர்கள் இதைக் கவனித்தே ஆக வேண்டும். முதலில் அவர்களிடம் நேரில் பேசிப் பாருங்கள் ஐயா. எடை போடுகிற இடத்தில் மட்டும் 40, 50 மில்லிமீட்டர் கனத்தில் ரப்பர் விரித்து, அந்தப் பகுதியை உங்கள் வீட்டுச் சுவரிலிருந்து ரோட்டுப் பக்கம் மாற்றினாலே பெரிய வித்தியாசம் தெரியும். கார்னர் மனையில் அப்படி மாற்ற இரண்டு பக்கம் இருக்கிறது, அதைச் செய்யாமல் இருப்பதற்குக் காரணமே இல்லை. 6 மணி வரை பார்பெல் வேண்டாம், டிரெட்மில் மட்டும் என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மதுரையிலிருந்து: மொட்டைமாடியில் ஷீட் போட்டு ஜிம் வைத்தால் செலவு பாதிதானே?

வேண்டாம். தகரத்துக்குக் கீழே மதியம் நிற்கவே முடியாது. ஷீட் போட்டு உள்ளே ஆள் புழங்கினால் அதையும் தளப் பரப்பில் சேர்த்துத்தான் கணக்கிடுவார்கள், அனுமதி வாங்காமல் முடியாது. அதைவிட முக்கியம் தீ. ரப்பர் தரை, ஃபோம் மெத்தை, ஒலிக்கு ஒட்டுகிற பஞ்சுப் பலகை எல்லாமே எரிந்தால் கரும்புகை கக்குகிற பொருள்கள், மேலே ஏற ஒரே ஒரு குறுகல் படி. உள்ளே இருப்பவர்கள் எப்படி இறங்குவார்கள்? எத்தனை மாடி ஆனாலும் ஒன்றுக்கொன்று தள்ளி இரண்டு படிக்கட்டு வையுங்கள், கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும், இரண்டாவது படியின் கதவைப் பூட்டி வைக்காதீர்கள்.

கோவையிலிருந்து, ஜிம் போகிற பெண் ஒருவர்: நான் போகிற இடத்தில் ரோட்டைப் பார்த்த கண்ணாடி. சிக்னலில் நிற்கிறவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள். நாங்கள் சொன்னால் ஸ்டிக்கர் ஒட்டுகிறேன் என்கிறார்கள். வரைபடத்திலேயே இதை யோசிக்க மாட்டீர்களா?

யோசித்தே ஆக வேண்டும்மா, இது பின்னால் ஸ்டிக்கரில் சரிசெய்கிற விஷயம் இல்லை. கார்னரில் வண்டி நின்று கிளம்பும், அதனால் அங்கேதான் பார்வை அதிகம். எங்கள் கட்டடத்தில் அந்த முனையில் தரைத்தளத்தில் ரிசப்ஷன் மட்டும். முதல் மாடி ஜன்னல்களின் அடிமட்டம் நாலரை அடி உயரத்தில். தரையிலிருந்து நிமிர்ந்து பார்ப்பவருக்குக் கூரையும் விளக்கும்தான் தெரியும், உள்ளே நடப்பவருக்கு வெளியே மரம் தெரியும். பெண்கள் உடை மாற்றும் அறைக்கு நேர்க்கதவு கிடையாது, ஒரு திருப்பம் திரும்பித்தான் உள்ளே போக முடியும். எதிரே கண்ணாடி மாட்டி அதில் உள்ளே தெரிகிற கொடுமையை எத்தனையோ இடத்தில் பார்த்துவிட்டேன், அதனால் கண்ணாடி எங்கே என்பதையும் வரைபடத்திலேயே குறித்தோம். ராத்திரி 9 மணிக்கு வெளியே வந்தால் இருட்டுச் சந்து இல்லாமல் மெயின் ரோட்டு வெளிச்சத்தில் வண்டி எடுக்கிற மாதிரி பெண்களுக்கான டூவீலர் இடமும் முன்பக்கம்.

கரூரிலிருந்து: எத்தனை டன் ஏசி போடணும்?

சதுர அடிக் கணக்கு இங்கே உதவாது. முழு வேகத்தில் உழைக்கிற ஒருவர் உடம்பிலிருந்து மணிக்கு ஏறக்குறைய 1,800 பிடியூ (வெப்பத்தை அளக்கிற அலகு) வெப்பம் வரும், ஒரு டன் ஏசி மணிக்கு வெளியேற்றுவது 12,000 பிடியூ. ஏழு பேருக்கு ஒரு டன். 40 பேர் என்றால் உடம்புச் சூட்டுக்கே 6 டன், கூரை, சுவர், மெஷின் எல்லாம் அதற்கு மேல். ஆனால் நான் அதிகம் கவலைப்படுவது டன்னைப் பற்றி இல்லை. ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது, அதே காற்றைத்தான் குளிர வைத்துச் சுற்றவிடும். கட்டடக் காற்றோட்டத்துக்கான அமெரிக்கத் தரவிதியான ஆஷ்ரே 62.1, ஆபீஸில் உட்கார்ந்திருப்பவருக்கு நிமிடத்துக்கு 5 கன அடி புதுக்காற்றும் ஜிம்மில் இருப்பவருக்கு 20 கன அடியும் கேட்கிறது, தளப் பரப்புக்கு அது தவிரத் தனிக் கணக்கு. புதுக்காற்று இல்லாத ஜிம்மில் ஏழு மணிக்கு மேல் தலை கனக்கும், நாற்றம் தங்கும். காலையில் ஜன்னல் திறந்து ஃபேனில் ஓட்டுங்கள். மாலையில் ஏசி போடும்போது புதுக்காற்றுக்குத் தனி ஃபேனும் குழாயும் வையுங்கள்.

நாமக்கல்லிலிருந்து, வயதில் பெரியவர்: தெருக்குத்து மனை. கூடவே வடகிழக்கு மூலை வெட்டுப்பட்டிருக்கிறது. ஜிம் கட்டலாமா?

உங்கள் நம்பிக்கையில் நான் குறுக்கிட மாட்டேன் ஐயா. தெருக்குத்தில் நடைமுறைச் சிக்கல் ஒன்று இருக்கிறது: நேரே வருகிற வண்டி பிரேக் பிடிக்கவில்லை என்றால் உங்கள் வாசல்தான், ராத்திரி ஹெட்லைட்டும் நேராக உள்ளே அடிக்கும். அந்த இடத்தில் வாசல் வைக்காமல் கெட்டியான திண்டும் நாலு மரமும் வையுங்கள். முனை வெட்டுப்பட்டதும் பயப்படுகிற விஷயம் இல்லை. ரோடுகள் சந்திக்கிற முனையில் வண்டிக்காரர் பார்வைக்காக ஸ்ப்ளே, அதாவது மூலையைச் சாய்வாக வெட்டி, விடுவது விதியே. அந்த இடத்தில் மதில் எழுப்பாதீர்கள். வண்டி கேட்டைச் சின்ன ரோட்டில், முனையிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து, சிலம்ப ஆசிரியர்: கர்லாக்கட்டையும் சிலம்பமும் சொல்லித்தர ஓர் இடம் ஒதுக்கலாமா?

கேட்டதே சந்தோஷம். எங்கள் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் பாதியைத் திறந்த தளமாக விட்டது இதற்காகத்தான். சிலம்பத்துக்குச் சீலிங் ஃபேன் பெரிய எதிரி, சுவர் ஃபேன் மாட்டுங்கள். 14 அடியாவது உயரம் வேண்டும், சுவரில் கண்ணாடி கூடாது. தரைக்கு ரப்பரை விட மண் நல்லது, மாடியில் முடியாது என்றால் மரப்பலகைத் தளம். இடம் இருக்கிறவர்கள் பின்பக்க செட்பேக்கில் (கட்டடத்துக்கும் மனை எல்லைக்கும் நடுவே காலியாக விடுகிற இடம்) மண் தரையாகவே விடுங்கள், மழைநீரும் இறங்கும்.

சென்னையிலிருந்து: டிரெட்மில்லுக்கும் கண்ணாடிக்கும் அளவு சொல்லுங்கள்.

டிரெட்மில்லுக்குப் பின்னால் 2 மீட்டர், பக்கவாட்டில் அரை மீட்டர் வெறும் இடம், விழுந்தால் சுவரில் மோதாமல் இருக்க. ஒவ்வொரு டிரெட்மில்லுக்கும் தனி சர்க்யூட். கண்ணாடி தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு ஆரம்பிக்கட்டும், உருண்டு வருகிற எடை உடைக்காது.

திருச்சியிலிருந்து: என் தங்கை சக்கர நாற்காலி பயன்படுத்துகிறாள். எந்த ஜிம்முக்கும் உள்ளே போக முடியவில்லை.

சாய்தளம் 1க்கு 12, அதாவது 2 அடி பீடத்துக்கு 24 அடி நீளம், நடுவில் திரும்ப இடம். முன்பக்கம் மட்டும் ரோடு இருக்கிற மனையில் இதற்குத்தான் திண்டாடுவார்கள், கார்னரில் தெற்கு முகப்பு நெடுக அது அழகாக அமர்ந்துவிட்டது. மேல்மாடிகளுக்கு லிஃப்ட் உண்டு. கதவுகள் மூன்றடிக்கு மேல், ஒரு கழிவறை சக்கர நாற்காலி திரும்புகிற அளவில், கேபிள் மெஷின் ஒன்று இருக்கையை நகர்த்தக்கூடியதாக. திறந்ததும் தங்கையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், எது எட்டவில்லை என்று அவரே சொல்லட்டும், மாற்றிக்கொள்கிறோம்.

பொள்ளாச்சியிலிருந்து: மனை வாங்கப்போகிறேன். வாங்கும் முன் எதைப் பார்க்கணும்?

முனையில் இபி டிரான்ஸ்ஃபார்மர் நிற்கிறதா என்று முதலில். நிறைய ஊரில் அது கார்னரில்தான் இருக்கும், நகர்த்துவது எளிதும் இல்லை, மலிவும் இல்லை. அப்புறம் மழைக்காலத்தில் ஒருநாள் போய் நில்லுங்கள், இரண்டு ரோட்டுத் தண்ணீரும் அந்த முனையில்தான் சேர்கிறதா என்று பாருங்கள். ரோடு விரிவாக்கத் திட்டம் இருக்கிறதா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள், கார்னர் மனையில் இரண்டு பக்கமும் இடம் போகும். மண் பரிசோதனை முடிந்த பிறகு வரைபடத்துக்கு வாருங்கள்.