யூட்டாவில் பக்கத்து வீட்டுப் பெண்கள்

யூட்டாவின் லீஹை ஊருக்குக் குடிவந்த இரண்டாவது வாரமே பக்கத்து வீட்டுப் பெண்கள் ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தார்கள், முதல் பேச்சிலேயே எத்தனை குழந்தைகள் என்று கேட்டார்கள், நான் வேலைக்குப் போனால் தப்பாக நினைப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். பதினோரு வருடமாக இந்தப் பக்கம் இருக்கிறேன். உங்களை யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அம்மா வீட்டில் இருந்து பிள்ளை வளர்க்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பெல்லாம் அவர்கள் வீட்டுப் பெண்களுக்குத்தான்.

வந்தவர்கள் ரிலீஃப் சொசைட்டிக்காரர்கள். யூட்டாவில் பரவலாக இருக்கும் மார்மன் என்ற கிறிஸ்தவ சபையின் பெண்கள் அமைப்பு அது, 1842-இல் தொடங்கியது. என் இரண்டாவது பிரசவத்தின்போது பத்து நாள் இரவுச் சாப்பாடு வந்தது. சைவம் என்று ஒரு தடவைதான் சொன்னேன், அப்புறம் முட்டைகூடச் சேர்க்கவில்லை. நம் சொந்தக்காரர்களே மறந்துவிடுவார்கள்!

ஆனால் பல வீட்டுக் கூடத்தில் 1995-இல் சபை வெளியிட்ட குடும்பப் பிரகடனம் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கும். தலைமையும் சம்பாத்தியமும் அப்பாவுக்கு, பிள்ளை வளர்ப்பு முதன்மையாக அம்மாவுக்கு என்கிறது அது. பன்னிரண்டு வயதுப் பையனுக்குக் கிடைக்கிற குருத்துவம், அதாவது சபைச் சடங்குகளில் பங்கேற்று நடத்தும் அதிகாரம், அவன் அம்மாவுக்குக் கிடையாது. என் பக்கத்து வீட்டுப் பெண் முதுகலை படித்தவர், நான்கு குழந்தைகள். வேலையை விட்டது தன் விருப்பம் என்றுதான் சொல்வார். ஒருநாள் துணி மடித்துக்கொண்டே, அன்னையர் தினத்தன்று சபையில் அம்மாக்களைப் புகழப் புகழத் தனக்கு அழுகை வரும் என்றார். திட்டினால் எதிர்த்துப் பேசலாம், புகழ்ந்தால் என்ன செய்வது?

இத்தனைக்கும் இதே யூட்டாவில் பெண்கள் 1870-லேயே ஓட்டுப் போட்டார்கள். மார்த்தா ஹியூஸ் கேனன் என்ற மார்மன் டாக்டர் 1896-இல் மாநில செனட்டுக்கு ஜெயித்தார். அதே தேர்தலில் நின்று தோற்றவர்களில் அவர் கணவரும் ஒருவர். இப்போதும் இளம் பெண்கள் பலர் வேலைக்குப் போகிறார்கள்.

உங்களுக்கு இடிக்கப்போவது வேறு இடத்தில். குழந்தைகளை விளையாடக் கூட்டுவதெல்லாம் வார நாளில், காலை பத்து மணிக்கு. ஆபீஸ் போகிற அம்மாவின் பிள்ளை விட்டுப்போகும். சனிக்கிழமையில் நீங்களே கூப்பிடுங்கள், வருவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சபைக்கு அழைத்தால், நாங்கள் சவுத் ஜோர்டான் கணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் என்று சிரித்தபடி சொல்லிவிடுங்கள். என்னை அதற்குமேல் யாரும் வற்புறுத்தவில்லை. 'மார்மன்' என்ற சொல்லை அவர்கள் முன்னால் தவிர்ப்பது நல்லது, 2018 முதல் சபையே அப்படிக் கேட்டுக்கொள்கிறது. ரொட்டித் தட்டை வெறுமனே திருப்பாமல் எலுமிச்சை சாதம் வைத்துக் கொடுங்கள். வீட்டுக்கு வந்தால் காபி, டீ மட்டும் போட்டுவிடாதீர்கள், குடிக்கமாட்டார்கள்.