தீ கேட்கும் பைன், தீ தாங்காத நம் காடு

கேள்வி: சார், அமெரிக்காவில் வனத்துறையே பைன் காட்டுக்குத் தீ வைக்கும் வீடியோ ஒன்று பார்த்தேன். தீ பட்டால்தான் அந்தக் காடு நன்றாக இருக்குமாம். இங்கே மாசி, பங்குனியில் கீரிப்பாறை மலையில் புகை தெரிந்தாலே பதறுகிறோம். தீ காட்டுக்கு நல்லதா, கெட்டதா?
– ரப்பர் பால் வெட்டுத் தொழிலாளி, குலசேகரம்

பதில்: வீடியோவில் பார்த்தது உண்மைதான். ஆனால் அது அந்தக் காட்டின் கதை.

அமெரிக்காவின் தென்கிழக்கில் நீள ஊசியிலைப் பைன் என்று ஒரு மரம் உண்டு. முளைத்துச் சில வருடங்கள் வரை அதை மரம் என்றே சொல்லமாட்டீர்கள். புல் குத்து போலத் தரையோடு கிடக்கும், வேர் மட்டும் ஆழமாக இறங்கும். தீ வந்தால் வெளி ஊசிகள் கருகும், நடுக்குருத்து அந்த ஊசிக்கற்றைக்குள் பத்திரமாக இருக்கும். அப்புறம் தீக்கு எட்டாத உயரத்துக்கு விறுவிறுவென்று வளர்ந்துவிடும். சில வருடங்களுக்கு ஒரு முறை தரையோடு ஓடும் சிறு தீ வராவிட்டால், அகல இலை மரங்கள் அடர்ந்து அதன் கன்றுக்கு வெயிலே கிடைக்காது.

அமெரிக்காவின் மேற்கு மலைகளில் வளரும் லாட்ஜ்போல் பைன் வேறு வகை. அதன் கூம்புகள் பல, பிசினால் மூடியபடி வருடக்கணக்கில் கிளையிலேயே இருக்கும். தீயின் சூட்டில் பிசின் உருகி, செதில் விரிந்து, விதை சாம்பல் மேல் விழும். 1988-இல் அந்தப் பக்கத்து யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தீ பரவியது. காடு ஒழிந்தது என்றே பலரும் நினைத்தார்கள். பல இடங்களில் யாரும் நடாமலேயே கன்றுகள் நெருக்கமாக எழுந்தன. ஆனால் அந்தக் கன்றுகள் காய்ப்புக்கு வருமுன் மறுபடி தீ வந்தால், விழுவதற்கு விதை இருக்காது. தீயைக் கேட்கும் மரத்துக்கே இந்த நிலைமை.

தீயே கூடாது என்றும் அங்கே ஒரு காலத்தில் முயன்று பார்த்தார்கள். எங்கே தீ பிடித்தாலும் மறுநாள் காலை பத்து மணிக்குள் அடக்க வேண்டும் என்று 1935-இல் விதி போட்டார்கள். சருகும் சிறு மரங்களும் சேர்ந்துபோய், முன்பு தரையோடு போன தீ உச்சிக்கிளை வரை தொற்றியது. அதனால்தான் இப்போது காற்றும் ஈரமும் பார்த்து அவர்களே தீ வைக்கிறார்கள்.

இனி நம் காடு. கீரிப்பாறை, காளிகேசம் ஓடைக்கரை மரங்கள் பலவற்றுக்குப் பட்டை மெலிது. மழைக்காட்டு விதைகள் பலவும் ஈரம் காய்ந்தால் செத்துவிடும். உங்கள் ரப்பர் விதையை நாலைந்து வாரம் சும்மா போட்டு வைத்து விதைத்துப் பாருங்கள், முளைப்பது அபூர்வம். இப்படிப்பட்ட இடத்தில் தீ புகுந்தால் நிழல் போகும், புல் ஏறும், அடுத்த கோடையில் அந்தப் புல்லே பற்றும். தேக்கு, வேங்கை உள்ள இலையுதிர்க்காடு ஓரளவு தாங்கும், அதுவும் வருடாவருடம் என்றால் கன்று நிற்காது. இங்கே மின்னல் பெரும்பாலும் மழையோடுதான் வரும். மாசியில் எரிவது அநேகமாக மனிதர் கை வைத்த தீ. ஆகவே நீங்கள் பதறுவது சரி.

ரப்பர் இலை உதிர்ந்து கிடக்கும் நாட்களில் தோட்டத்தின் எல்லையைச் சுற்றிச் சருகைத் தூத்து வெறும் மண்ணாக வைத்திருங்கள். வெட்டுப்பட்டையின் உள்ளேதான் பால் குழாய்கள் இருக்கின்றன. தரையோடு போகும் சிறு தீயின் சூடே அதைக் கெடுக்கப் போதும்.

கேள்வி: கொடைக்கானலில் பார்த்த பைன் மரத்தைப் பேச்சிப்பாறை பக்கம் நடலாமா?
– வாசகி, திருவட்டாறு

பதில்: வேண்டாம் அம்மா. தென்னிந்தியாவுக்கு என்று சொந்தமாகப் பைன் கிடையாது. கொடைக்கானலில் இருப்பதும் நட்டு வளர்த்ததுதான். அதன் ஊசிச்சருகில் பிசின் உண்டு, லேசில் மக்காது, தீப்பொறி விழுந்தால் பிடித்துக்கொள்ளும். உத்தரகண்ட் கிராமங்கள் ஒவ்வொரு கோடையிலும் சீர் பைன் சருகோடு படும் பாடு போதும். இடம் இருந்தால் பலாவும் புன்னையும் வையுங்கள்.