வார ரிப்போர்ட்டை ஏஐ எழுதலாமா?

கேள்வி: வெள்ளிக்கிழமை ஆனால் மேனேஜருக்கு வார ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். திங்கட்கிழமை என்ன செய்தேன் என்பதே அதற்குள் மறந்துவிடுகிறது. ஏஐ ஏஜென்ட்டிடம் விட்டுவிடலாமா?
– வாசகர், கோவை

பதில்: விடலாம், ஆனால் முழுசாக அல்ல. உங்கள் கோடும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் ரெப்போவைக் கொடுத்து 'இந்த வாரம் என்ன செய்தேன்?' என்று கேட்டால், கண்ணில் பட்டதை வைத்து ஏஜென்ட் அழகாகக் கதை கட்டிவிடும். தகவல் திரட்டுவதைச் சாதாரண ஸ்கிரிப்ட் (சின்ன நிரல்) செய்யட்டும், எழுதுவதை மட்டும் ஏஐ செய்யட்டும்.

ஸ்கிரிப்ட்டிலும் கவனம் வேண்டும். கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில், அந்தப் பதிவுகளை (கமிட்டுகளை) பட்டியலிடும் 'கிட் லாக்' கட்டளையை வெறுமனே ஓட்டினால் நீங்கள் இருக்கும் பிராஞ்சின் (கிளையின்) கமிட்டுகள்தான் வரும், 'ஆல்' (--all) சேர்த்தால்தான் மற்ற பிராஞ்சுகளில் உள்ளவையும். இந்தத் தேதியிலிருந்து என்று வடிகட்டும் 'சின்ஸ்' (--since) பார்ப்பது கமிட்டர் தேதியை (கமிட் கடைசியாகப் பதிவான நாள்), ஆத்தர் தேதியை (முதலில் எழுதிய நாள்) அல்ல. அதனால் போன மாத வேலையை இந்த வாரம் ரீபேஸ் செய்திருந்தால் (வேறு கமிட்டின் மேல் மறுபடி அடுக்கியிருந்தால்) அதுவும் புது வேலை மாதிரி வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டு தேதியையும் எடுத்துக் கொடுங்கள்.

அப்புறம், கமிட்டில் என்ன மாறியது என்று இருக்கும், ஏன் என்று பெரும்பாலும் இருக்காது. மூன்று நாள் ஒரு பக்கை (பிழையை) துரத்திவிட்டுக் கடைசியில் ஒரு வரியை மாற்றியிருப்பீர்கள், கிட்டுக்கு அது ஒரு வரிதான். அடுத்தவர் கோடை ரிவ்யூ செய்த நேரம் அங்கே வரவே வராது. ஆகவே புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) விளக்கம், டிக்கெட் (வேலைக் குறிப்பு) தலைப்பு, அன்றன்று நீங்கள் கிறுக்கும் நாலு வரி எல்லாவற்றையும் சேருங்கள். கிளாட் கோட் என்ற ஏஐ ஏஜென்ட்டைப் பயன்படுத்துகிறவர் என்றால் அதன் உரையாடல்கள் உங்கள் கணினியிலேயே ஃபைலாகக் கிடக்கும், அந்த 'ஏன்' பெரும்பாலும் அதில் மாட்டும். ('ஃபிக்ஸ்' என்று மட்டும் கமிட் மெசேஜ் எழுதுகிறவர்களை எந்த மாடலாலும் காப்பாற்ற முடியாது.)

ரிப்போர்ட்டின் ஒவ்வொரு வரிக்கும் கமிட் எண்ணோ டிக்கெட் எண்ணோ போட ஏஐயிடம் சொல்லுங்கள், எண் இல்லாத வரியை நீங்களே சரிபாருங்கள். கம்பெனி கோடை வெளி ஏஐக்கு அனுப்ப அனுமதி இருக்கிறதா என்பதை முதலில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: வேலைகளைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் மாலை 5 மணிக்கு வைத்தேன், ரிப்போர்ட் இரவு பத்தரைக்கு வருகிறதே?
– வாசகி, சென்னை

பதில்: நீங்கள் போட்ட 17.00 யூடிசி (உலகப் பொது) நேரமாக எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது, நாம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். 11.10 என்று வையுங்கள், இங்கே மாலை 4.40. சரியாக மணி அடிக்கும் நேரத்தில் கிட்ஹப்பில் கூட்டம் அதிகமானால் வேலை தாமதமாகவும் ஓடும், அதனால்தான் பத்து நிமிடம் தள்ளி. மெயிலும் உங்களுக்கே வரட்டும், படித்துத் திருத்திவிட்டு மேனேஜருக்கு அனுப்பலாம்.