கிரிப் எதற்காக வாங்குகிறீர்கள்?

வணக்கம் சார்,

மயூர் விஹாரிலிருந்து எழுதுகிறேன். கல்யாணப் படம் எடுப்பதுதான் தொழில். சோனி ஏ7 மார்க் 4 வைத்திருக்கிறேன். லென்ஸ் 24-70, 70-200. தை முகூர்த்தங்களுக்கு முன்னால், கேமராவின் அடியில் மாட்டி இரண்டு பேட்டரி போடும் பேட்டரி கிரிப் வாங்க நினைக்கிறேன். நடு நிகழ்ச்சியில் பேட்டரி தீர்ந்துவிடுமோ என்ற பயம்தான் காரணம். ஒரிஜினல் விலை கையைக் கடிக்கிறது. சாந்தினி சௌக்கில் வேறு தயாரிப்பு நாலில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கிறது. எதை வாங்கலாம்?

ஒரு வாசகர், டெல்லி

அன்புள்ள நண்பருக்கு,

பேட்டரி பயம் மட்டும்தான் காரணம் என்றால் இரண்டையுமே வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் ஒரிஜினல் பேட்டரி இரண்டு வாங்குங்கள். உங்கள் கேமராவுக்கு ஒரு சார்ஜில் வியூஃபைண்டர் வழியே 520 படம், திரை வழியே 580 படம் என்று கணக்குச் சொல்கிறார்கள். அது விட்டுவிட்டு ஒவ்வொன்றாக எடுத்து அளந்த கணக்கு. கல்யாணத்தில் சடசடவென்று எடுக்கும்போது அதைவிட நிறையவே வரும். ஊஞ்சல் முடிந்து எல்லோரும் மணமேடைக்கு நகரும் இடைவெளியில், மிச்சம் எவ்வளவு இருந்தாலும் சரி, முழு சார்ஜ் பேட்டரியை மாற்றிவிடுங்கள். தாலி கட்டும்போது அந்தக் கவலையே வராது.

டெல்லிக் குளிரையும் யோசிக்க வேண்டும். தை பிறந்ததும் ஆர்.கே. புரம், கரோல் பாக் பக்கம் விடியற்கால முகூர்த்தங்கள் தொடங்கிவிடும். பஞ்சாபிக் கல்யாணம் என்றால் சத்தர்பூர் பண்ணை வீட்டுப் புல்வெளியில் நள்ளிரவு தாண்டியும் நிற்க வேண்டும். குளிரில் லித்தியம் அயான் பேட்டரிக்குள் அயனிகளின் ஓட்டம் மந்தமாகி உள்தடை ஏறுகிறது. மின்னழுத்தம் சட்டென்று இறங்குவதால், சார்ஜ் இருந்தும் தீர்ந்துவிட்டதாகக் கேமரா எடுத்துக்கொள்கிறது. கிரிப்புக்குள் இருந்தால் இரண்டு பேட்டரியும் சேர்ந்தே குளிரும். ஸ்வெட்டருக்குள் சட்டைப் பையில் வைத்த பேட்டரி உடம்புச் சூட்டில் முழு பலத்தோடு இருக்கும். கழற்றியதையும் அங்கேயே வையுங்கள், கொஞ்ச நேரத்தில் ஓரளவு தேறிவிடும்.

கிரிப்பை உங்கள் கைக்காக வாங்குங்கள். மாலை மாற்றல், மணப்பெண்ணின் முழு உருவம், தனிப் படங்கள் என்று கல்யாணத்தில் எத்தனையோ படங்கள் கேமராவை நிமிர்த்திப் பிடித்து எடுப்பவை. கிரிப் இல்லாவிட்டால் வலது முழங்கை அந்தரத்தில் நிற்கும், மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும். லென்ஸ் இல்லாமல் உங்கள் கேமரா பாடி மட்டும் 658 கிராம். 70-200 லென்ஸ் சோனியின் உயர்தர வரிசையான ஜிஎம்மில் இரண்டாம் தலைமுறை என்றால் 1045 கிராம், முதல் தலைமுறை என்றால் 1480. நாள் முழுக்க இதை முறுக்கிய கையில் தாங்குவது தோளுக்குச் செய்யும் அநியாயம். கிரிப் போட்டால் எடை கூடத்தான் செய்யும். ஆனால் நிமிர்த்திப் பிடிக்கும்போது அழுத்த அதில் இன்னொரு ஷட்டர் பட்டன் இருப்பதால் முழங்கை விலாவோடு ஒட்டி நிற்கும், சுண்டுவிரலுக்கும் பிடிமானம் கிடைக்கும். அந்தப் பட்டன்தான் முக்கியம்: நிக்கான் 2018இல் வெளியிட்ட இசட்6, இசட்7 கேமராக்களுக்கான எம்பி-என்10 கிரிப்பில் செங்குத்துப் பிடிக்கு ஷட்டர் பட்டனே இல்லை. அது வெறும் பேட்டரிப் பெட்டி. தொழில்முறைக் கலைஞர்கள் கடுமையாகக் குறைபட்டார்கள். அடுத்த தலைமுறைக்கான எம்பி-என்11இல்தான் பட்டனும் டயலும் வந்தன.

ஆகவே கடையில் கையால் சோதியுங்கள். 70-200ஐ மாட்டி, கிரிப்பை மட்டும் பிடித்துத் தூக்குங்கள். பாடிக்கும் கிரிப்புக்கும் நடுவே துளி ஆட்டம் தெரிந்தாலும் வேண்டாம். நிமிர்த்திப் பிடித்து ஷட்டரைப் பாதி அழுத்தினால் ஃபோகஸ் உடனே பிடிக்கிறதா, ஜாய்ஸ்டிக்கும் டயல்களும் பாடியில் இருப்பவை போலவே வேலை செய்கின்றனவா, இரண்டு பேட்டரியின் சதவீதமும் திரையில் தெரிகிறதா என்று பாருங்கள். சில மலிவு கிரிப்களில் ஷட்டர் பட்டனுக்காகப் பக்கவாட்டு போர்ட்டில் தனி ஒயர் செருக வேண்டும். கூட்டத்தில் யார் கையாவது பட்டு அது பிடுங்கிக்கொள்ளும், தொழிலுக்கு ஆகாது.

புது மலிவு கிரிப்பைவிடப் பழைய ஒரிஜினல் மேல் என்பேன். கூச்சா சௌத்ரி கேமரா கடைகளில் தேடுங்கள். உங்களுக்கு வேண்டியது விஜி-சி4ஈஎம். ஏ7 மார்க் 3க்கான விஜி-சி3ஈஎம் பொருந்தாது, பெயரைப் பார்த்தே வாங்குங்கள். சி4 கிரிப் ஏ7ஆர் மார்க் 5, முதல் ஏ1 இரண்டுக்கும் பொருந்தும். நாளைக்கு ஏ9 மார்க் 3க்கு மாறினால் வேறு கிரிப்தான். வீடியோவுக்கு, கை ஆட்டம் தெரியாமல் கேமராவைத் தாங்கும் கிம்பலில் ஏற்றும்போது கிரிப்பைக் கழற்றிவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மனம் ஊசலாடினால், தையில் வரும் முதல் கல்யாணத்துக்கு ஒரிஜினல் கிரிப்பை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். சாயங்காலம் தோளும் மணிக்கட்டும் எப்படி இருக்கின்றன என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

அன்புடன்