வாசகர் கேள்வி: கடமானுக்கு எந்த ரைஃபிள்?

கேள்வி: ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் வசிக்கும் என் மைத்துனர் கடமான் வேட்டைக்கு அழைக்கிறார். அவரிடம் 243, 308 வின்செஸ்டர் ஆகிய இரு ரைஃபிள்கள் உள்ளன. எதற்குத் தோட்டா வாங்குவது?
– வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: 308-க்கே வாங்குங்கள். கடமானுக்குக் குறைந்தது 0.270 அங்குல கேலிபரும் (குண்டின் விட்டம்) 130 கிரெயின் (குண்டின் எடையை அளக்கும் அலகு) குண்டும் வேண்டும் என்பது அம்மாநில விதி என்பதால், 0.243 அங்குலக் குண்டைச் சுடும் 243 சட்டப்படியே விலகிவிடுகிறது. 150 முதல் 180 கிரெயின் வரையிலான, பட்டதும் விரியும் மென்முனைக் குண்டுள்ள தோட்டாக்களைக் கேளுங்கள். அவற்றின் பித்தளை அடிப்பக்கத்தில் வட்டமாகப் பொறித்த பெயரும் ரைஃபிள் குழலில் பொறித்த பெயரும் ஒன்றுதானா என்று கட்டாயம் ஒப்பிட்டுப் பாருங்கள். தயாரிப்பு மாறினால் குண்டு படும் இடமும் மாறும். ஆகவே வேட்டைக்குக் கொண்டுபோகும் அதே தோட்டாவை முன்கூட்டியே 100 மீட்டரில் சுட்டுக் குறியைச் சரிசெய்யுங்கள். காயத்தோடு ஓடி விலங்கு வதைபடுவதை என்னால் ஏற்க முடியாது. சுட்டபின் விழும் வெற்றுத் தோட்டா உறையைக்கூட நினைவுப்பொருளாகச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள்.